கேம்பர் மணலுக்குப் போகிறீர்களா? முதலில் வற்று நேரத்தைப் பாருங்கள்

லண்டனில் முதல் கோடை வந்ததும் எல்லாரும் கேட்பது "கடலுக்கு எங்கே போகலாம்?" என்பதுதான். பிரைட்டனில் கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலோடு மணலில் நடந்து பழகின எங்களுக்கு அது கடற்கரையாகவே தோன்றாது. அதனால்தான் எங்கள் சனம் ஈஸ்ட் சசெக்ஸில் இருக்கும் கேம்பர் சாண்ட்ஸைத் தேடிப் போகிறது. மணல்மேடுகளும் அகலமான கரையும், ஊர் ஞாபகம் வரத்தான் செய்யும். நாலு மைலுக்குள் ரை என்ற பழைய சின்ன நகரம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

போகும் வழி சுலபம். செயின்ட் பாங்க்ரஸில் ஹைஸ்பீட் ரயில் எடுத்தால் நாற்பது நிமிடத்துக்குள் ஆஷ்ஃபோர்ட். காசு கொஞ்சம் கூட. அங்கே ரைக்குப் போகும் சின்ன டீசல் ரயிலுக்கு மாறவேண்டும், அது மணிக்கு ஒன்றுதான். ரையில் இருந்து கேம்பருக்கு பஸ். மாணவர்கள் ரெயில்கார்ட் எடுத்திருந்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். காரில் போகிறவர்கள் வெயில் அடிக்கும் சனி ஞாயிறு என்றால் காலையிலேயே போய்ச் சேருங்கள். பதினொரு மணிக்குப் புறப்பட்டு ரோட்டிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இனி இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

போன வருடம் என் மச்சாளின் மகனோடு படிக்கிற நாலு பெடியள் கேம்பருக்குப் போனார்கள். ஊரில் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதில் இரண்டு பேர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிப் பக்கம், கடலிலேயே வளர்ந்தவர்கள். போய்ச் சேர்ந்த நேரம் கடல் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரிந்ததாம். பந்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டை நோக்கி நடந்தார்கள். வழியில் கணுக்காலளவு தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தைத் தாண்டினார்கள். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அதற்கு அப்பால் எருமை முதுகு போல நீளமாக ஒரு மணல்திட்டு. மணல் காய்ந்து, இறுகி, பந்தடிக்க அருமையான இடம்.

விளையாடின நேரம் முழுக்க அவர்கள் கண் முன்னால் இருந்த கடலில்தான். அது இன்னும் தள்ளியே நின்றது. தண்ணீர் வந்ததோ பின்னால். பெருக்கு, அதாவது வற்றின கடல் திரும்ப ஏறி வருவது, தொடங்கினால் இங்கே முதலில் நிரம்புவது திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளங்கள்தான். திட்டு காய்ந்தே கிடக்கும், நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவன் பந்து எடுக்கத் திரும்பினபோது, வரும்போது கணுக்காலை நனைத்த தண்ணீர் இடுப்பளவு ஏறிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடியது. நாலு பேரில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. அவனை விட்டுவிட்டு வர மற்ற மூவருக்கும் மனம் இல்லை. கரையில் நாயோடு நடந்த ஒரு அம்மா இவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்து லைஃப்கார்டிடம் ஓடியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பலகையோடு வந்து ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்கள். நீச்சல் தெரியாதவன் குளிரில் நடுங்கினபடி அன்றிரவு ஆஸ்பத்திரியில்.

என்னைக் கோபப்படுத்தினது பிறகு வெளிவந்த கதை. ஒருவனின் பொக்கற்றில் போன் இருந்திருக்கிறது. அவன் அடிக்கவில்லை. மீட்க வந்தால் பில் வரும், விசாவிலும் பிரச்சினை வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்! தயவுசெய்து இப்படிப்பட்ட கதைகளைப் பரப்பாதீர்கள். 999 அடித்து "கோஸ்ட்கார்ட்" (கரையோர மீட்புப் பிரிவு) என்று கேளுங்கள். காசு கேட்கமாட்டார்கள். படகில் வருகிற ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கின தர்ம நிறுவனம், படகோட்டிகளில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

"எங்களுக்குக் கடல் தெரியாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரியும்தான். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாய்விரித்துப் போன கப்பல். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பருத்தித்துறையிலோ மெரினாவிலோ வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். கேம்பர் இருக்கும் ரைக் குடாவில் பெரிய பெருக்கு நாளில் 6 மீட்டரைத் தாண்டும். கரையும் தட்டையானது. அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தூரம் போகிறது, அதே வேகத்தில் திரும்பியும் வருகிறது. ஊரில் கற்றது இங்கே அரைவாசிதான் உதவும்.

2016 ஆகஸ்ட் 24ஆம் திகதி, கடும் வெயில் நாளில், இதே கேம்பரில் லண்டனில் இருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் இறந்தார்கள். அதில் இருவர் அண்ணன் தம்பி. அதே கோடையில் ஜூலையிலும் அங்கே உயிர்கள் போயிருந்தன. அந்த ஐவர் போன நாளில் அங்கே லைஃப்கார்ட் கிடையாது. அதற்குப் பிறகுதான் போட்டார்கள். இன்றைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவமே தெரியாமல் இருக்கிறது.

ஆகவே, போகும் நாளுக்கு முன்னிரவே பெருக்கு அட்டவணையைப் பாருங்கள். பிபிசி வானிலைப் பக்கத்திலேயே இருக்கிறது. அச்சடித்த அட்டவணை சிலவற்றில் கிரீன்விச் நேரம் போட்டிருக்கும், கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும். பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும், ஆகவே போன கிழமை பார்த்த நேரம் இந்தக் கிழமைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் தண்ணீர் மிகவும் தூரம் போய் மிகவும் ஏறி வரும். இதற்கு வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். தூரம் நடக்க ஆசை என்றால் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போங்கள். முழுக்க வற்றும் நேரத்துக்கு நீங்கள் கரையில் நிற்கவேண்டும். குளிப்பது பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இருக்கும் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும். லைஃப்கார்ட் வருடம் முழுக்க நிற்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

தண்ணீர் இழுத்தால் கைகாலை அடித்துப் போராடவேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து, கைகாலை விரித்து மிதந்து, மூச்சு நிதானப்பட்ட பிறகு உதவி கேளுங்கள். ஆகஸ்டிலும் இந்தக் கடல் குளிர்தான். திடீரென்று இறங்கினால் நல்ல நீச்சல்காரனுக்கும் மூச்சு அடைக்கும்.

பயமுறுத்திவிட்டேன் போல. ரையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காலத்தில் கடல் இந்த நகரத்தின் காலடியில் இருந்தது. 1287இல் அடித்த பெரும் புயலில் ரோதர் ஆறு திசைமாறி ரைப் பக்கம் வந்தது, பிறகு நூற்றாண்டுகளாக வண்டலும் பரலும் சேர்ந்து கடல் தள்ளிப் போய்விட்டது. எட்டாம் ஹென்றி கடலைக் காவல் காக்கக் கட்டின கோட்டை இன்றைக்கு ஆடு மேயும் வெளி நடுவில் நிற்கிறது. மெர்மெய்ட் வீதி கல் பதித்த ஏற்றம், செருப்போடு ஏறினால் கணுக்கால் சுளுக்கும். மேலே சென்ட் மேரீஸ் தேவாலயத்துக்குள் போனால் பதினாறாம் நூற்றாண்டு மணிக்கூட்டின் நீண்ட ஊசல் உங்கள் தலைக்கு மேலே ஆடும். கோபுரத்தில் ஏறக் காசு உண்டு, கொடுக்கலாம்.

எனக்குப் பிடித்தது ரை ஹார்பர் பறவைச் சரணாலயம். தட்டையான பாதை, குழந்தை வண்டியோடும் போகலாம். கடல் ஓரம் போனால் தனியாக ஒரு பழைய படகுக் கொட்டகை நிற்கிறது. 1928 நவம்பர் 15ஆம் திகதி மேரி ஸ்டான்ஃபோர்ட் என்ற மீட்புப் படகு அங்கிருந்துதான் புயலுக்குள் இறங்கியது. ஆபத்தில் இருந்த கப்பலின் ஆட்களை வேறொரு கப்பல் காப்பாற்றிவிட்ட செய்தி, படகு இறங்கின பிறகே வந்து சேர்ந்தது. திரும்பி வரச் சொன்ன சைகையைப் படகில் இருந்தவர்கள் காணவில்லை. போன 17 பேரும் திரும்பவில்லை. சின்னக் கிராமம், ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர். பில் வரும் என்று பயந்த பெடியனை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

சாப்பாட்டுக்கு ரோல்ஸ், பற்றீஸ் கட்டிக்கொண்டு போங்கள். புட்டு வேண்டாம், கேம்பர் காற்றில் பாதி மணலாகிவிடும். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கினால் கடற்காகம் வரும் முன் சுவர் ஓரமாக நின்று சாப்பிடுங்கள். பின்னேரம் திரும்பும் பஸ் நிரம்பித்தான் வரும், கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தினதைப் பிடியுங்கள். ரையில் ரயில் தவறினால் அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான்.