புது எஸ்யூவி அடிக்கடி பழுதானால்: அமெரிக்காவில் லெமன் சட்டத்தைப் பயன்படுத்தும் வழி

வாங்கி ஆறு மாதம் ஆகாத வண்டி ஒரே கோளாறுக்காக மூன்றாவது முறை டீலரிடம் போகிறதா? இனி வண்டியை மட்டும் கவனித்தால் போதாது, காகிதத்தையும் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியைத் தயாரிப்பாளர் திரும்ப வாங்கவோ மாற்றித் தரவோ வேண்டும் என்பதுதான் லெமன் சட்டம். அந்த வழக்குகள் பெரும்பாலும் ரிப்பேர் ஆர்டரில்தான், அதாவது உங்கள் புகாரையும் செய்த வேலையையும் டீலர் எழுதித் தரும் தாளில்தான், ஜெயிக்கின்றன, அல்லது தோற்கின்றன. வண்டி எவ்வளவு மோசமாக ஓடினாலும் அது அந்தத் தாளில் ஏறவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பழுது நடக்கவே இல்லை.

இங்கே சொல்லும் விதிகள் முக்கியமாகக் கலிஃபோர்னியாவுக்கானவை. மற்ற மாநிலங்களில் எண்ணிக்கை மாறும். சிலவற்றைப் பிறகு பார்க்கலாம்.

எந்தக் கோளாறை எப்படிச் சொல்வது

புது எஸ்யூவிகளில் அதிகம் தொல்லை தருவது ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன். எட்டு, ஒன்பது, பத்து கியர் கொண்ட பெட்டிகளில் இரண்டு வகைப் புகார்கள் வரும். ஒன்று, வேகம் குறைத்து நிற்கப் போகும்போது பின்னாலிருந்து யாரோ இடித்தது போன்ற உதறல். மற்றொன்று, 30 முதல் 45 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது வரும் நடுக்கம். இந்த நடுக்கம் பெரும்பாலும், எஞ்சின் சக்தியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவதால் வருவது. டீலர் முதலில் மென்பொருளைப் புதுப்பிப்பார், அடுத்து ஃப்ளூயிடை மாற்றுவார், அதன் பிறகுதான் கன்வெர்ட்டரைக் கழற்றுவார். இந்த மூன்றும் மூன்று தனித்தனி முயற்சிகள். மூன்றுக்கும் தனித்தனி ரிப்பேர் ஆர்டர் வாங்குங்கள்.

"ட்ரான்ஸ்மிஷன் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் "கோளாறு தென்படவில்லை" என்று எழுதி வண்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "காலையில் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடத்துக்குள், சமதளச் சாலையில், 35 மைல் வேகத்தில், இரண்டு மூன்று விநாடி நடுங்குகிறது, வாரத்தில் நான்கு நாள் வருகிறது." எஞ்சின் சூடா குளிரா, வேகம் எவ்வளவு, கால் எந்தப் பெடலில், எத்தனை முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். சர்வீஸ் அட்வைசர் அதைச் சுருக்கி எழுதினால், கையெழுத்துப் போடுமுன் முழுமையாக எழுதச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் கோளாறு வருமென்றால், வண்டியை முந்தைய மாலையே விட்டு, காலையில் டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார ஓட்டிக் காட்டுங்கள். சூடான வண்டியை மதியம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் வழக்கமாக நடப்பது.

டர்போ எஞ்சின்களில் எண்ணெயைக் கவனியுங்கள். மட்டம் வேகமாகக் குறைந்தால் டீலர் எண்ணெய்ச் செலவுச் சோதனை வைப்பார்: நிரப்பி, முத்திரையிட்டு, 1,000 மைல் போல ஓட்டிவிட்டு வரச் சொல்வார். அதற்கும் தாள் வாங்குங்கள். மாறாக, மட்டம் ஏறிக்கொண்டே போய் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால், எரிபொருள் எண்ணெயில் கலக்கிறது என்று அர்த்தம். நேரடி இஞ்செக்‌ஷன் எஞ்சினைக் குளிர்காலத்தில் குறுந்தூரமே ஓட்டினால் இது நேரும். எண்ணெய் நீர்த்துப் போனால் பேரிங் தேயும். "இயல்புதான்" என்ற பதிலோடு விடாமல், மட்டத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

மின்சாரக் கோளாறுகள் பிடிபடாதவை. இரண்டு நாள் நின்ற வண்டி கிளம்பவில்லை என்றால், ஏதோ ஒரு மாட்யூல் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) தூங்காமல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம். வண்டியைப் பூட்டி முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விட்டு அளந்தால், வழிந்தோடும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றி அனுப்பினால், அந்த அளவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரிவர்ஸ் கேமரா திரை கறுத்துப் போவதைப் பலர் சில்லறைத் தொல்லையாக நினைத்துவிடுகிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து தயாரான பயணிகள் வண்டிகள் எல்லாவற்றிலும் கூட்டரசுப் பாதுகாப்பு விதிப்படி இந்தக் கேமரா இருந்தாக வேண்டும். ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் படம் வர வேண்டும். எனவே அது பாதுகாப்புக் கோளாறு. முன்னால் ஒன்றுமே இல்லாதபோது தானாக பிரேக் பிடிப்பது, ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடுவது ஆகியவையும் அப்படித்தான். இவற்றைச் சொல்லும்போது "பாதுகாப்பு" என்ற சொல்லும், அந்த நேரத்தில் பின்னால் வண்டி வந்துகொண்டிருந்தது போன்ற விவரமும் தாளில் இருக்கட்டும்.

டீலரிடம் போகுமுன் சொந்த ஸ்கேனரால் வண்டியில் பதிவான கோளாறுக் குறியீடுகளை அழிக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். கோளாறு வந்த கணத்தின் பதிவு அதோடு போய்விடும்.

டீலரிடம் வாங்க வேண்டியவை

விடும்போது ஒரு தாள், எடுக்கும்போது முடித்த இன்வாய்ஸ். உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, இரு முறையும் மைல் கணக்கு, உங்கள் புகார், செய்த வேலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். "கோளாறு தென்படவில்லை" என்று எழுதினாலும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்; பழுது பார்க்க நீங்கள் வாய்ப்பளித்ததற்கு அது சாட்சி. "வாரண்டியில் செலவே இல்லை, தாள் எதற்கு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உதிரிபாகம் வராமல் வண்டி அங்கேயே கிடக்கும் நாள்களும் கணக்கில் சேரும் என்பதால், வெளியே போன தேதி உங்களுக்கு மிக முக்கியம்.

கூட்டரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் 17 எழுத்து வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டு ரீகால், அதாவது பாதுகாப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்ப அறிவிப்புகளும் அங்கே கிடைக்கும். ரீகால் என்றால் இலவசமாகச் சரிசெய்தாக வேண்டும். தொழில்நுட்ப அறிவிப்பு அப்படியல்ல, ஆனால் இந்தக் கோளாறு தயாரிப்பாளருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கலிஃபோர்னியாவின் கணக்கு

கலிஃபோர்னியாவின் லெமன் சட்டமான சாங்-பெவர்லி சட்டம் சொல்வது இதுதான்: வாரண்டிக்குள் வந்த, வண்டியின் பயன், மதிப்பு அல்லது பாதுகாப்பைக் கணிசமாகக் குறைக்கும் கோளாறை நியாயமான எண்ணிக்கை முயற்சிகளில் சரிசெய்ய முடியாவிட்டால், தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப வாங்க வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். எதை ஏற்பது என்பதில் உங்கள்மேல் மாற்று வண்டியைத் திணிக்க முடியாது. லீஸ் வண்டிக்கும் இது பொருந்தும். ஆனால் வண்டி கலிஃபோர்னியாவில் விற்கப்பட்டதாக இருக்க வேண்டும். வரி மிச்சம் என்று பக்கத்து மாநிலத்தில் வாங்கி வந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டரசின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் உதவலாம்.

முதல் 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான கோளாறுக்கு 2 முறை, மற்றவற்றுக்கு ஒரே கோளாறுக்கு 4 முறை, அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்தால், நியாயமான வாய்ப்பு தரப்பட்டுவிட்டதாகச் சட்டமே அனுமானிக்கும். முதல் இரண்டு வழிக்கும், வாரண்டிப் புத்தகத்தில் அப்படிக் கேட்டிருந்தால், தயாரிப்பாளருக்கே நேரடியாகத் தகவல் தந்திருக்க வேண்டும்.

18 மாதம் தாண்டியதும் உரிமை போய்விட்டது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறு. தாண்டினால் போவது அந்த அனுமானம் மட்டும்தான். வாரண்டி ஓடும் காலத்தில் காட்டிய கோளாறுக்கு அதன் பிறகும் உரிமை கோரலாம்; முயற்சிகள் போதுமானவை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், அவ்வளவே.

திரும்ப வாங்கும்போது முன்பணம், கட்டிய தவணைகள், விற்பனை வரி, பதிவுக் கட்டணம், டோ செய்த செலவு, வாடகைக் கார் ஆகியவை உங்களுக்கு வரும். மீதிக் கடன் அடைக்கப்படும். கழிப்பது ஓட்டிய பயன்: விலையை, அந்தக் கோளாறுக்காக முதன்முதலில் டீலரிடம் கொண்டுபோனபோது இருந்த மைலால் பெருக்கி, 1,20,000-ஆல் வகுக்க வேண்டும். 48,000 டாலர் வண்டியை 6,000 மைலில் கொண்டுபோயிருந்தால் கழிவு 2,400 டாலர். 15,000 மைல்வரை பொறுத்துக்கொண்டு பிறகு போனால் 6,000 டாலர். முதல் அறிகுறியிலேயே போய்விடுங்கள் என்பதற்கு இந்த வித்தியாசமே போதும். டீலர் தனியாகப் பொருத்திய சாமான்களின் பணம் திரும்பாது.

தயாரிப்பாளர் வேண்டுமென்றே சட்டத்தை மீறியிருந்தால் இழப்பைப் போல் இரு மடங்குவரை அபராதம் உண்டு. ஜெயித்தால் வக்கீல் கட்டணமும் தயாரிப்பாளர் தலையில். இந்த வழக்குகளை வக்கீல்கள் முன்பணம் இல்லாமல் எடுப்பது அதனால்தான். 2024இல் நிறைவேறிய ஏபி 1755 சட்டத்தை ஏற்றுக்கொண்ட தயாரிப்பாளர்கள் விஷயத்தில், அபராதம் கேட்குமுன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும்: உங்கள் பெயர், வின் எண், பழுதுகளின் சுருக்கம், திரும்ப வாங்கவோ மாற்றவோ கோரிக்கை. அவர்கள் 30 நாளில் ஒப்புக்கொண்டு 60 நாளில் முடித்துவிட்டால் அபராதம் இல்லை. நோட்டீஸுக்கு முன் வண்டியை விற்றுவிடாதீர்கள். இவர்கள்மேல் வழக்குத் தொடுக்கக் காலக்கெடுவும் குறுகியது: வாரண்டி முடிந்து ஓராண்டுக்குள், எப்படியும் வண்டி கைக்கு வந்த ஆறாண்டுக்குள்.

வேறு மாநிலங்கள்

நியூஜெர்சியில் 24 மாதம் அல்லது 24,000 மைல் எல்லை. 3 முயற்சி அல்லது 20 நாள். தயாரிப்பாளருக்குக் கடைசி வாய்ப்புக் கடிதத்தைச் சான்றளித்த தபாலில் அனுப்ப வேண்டும். நியூயார்க்கில் இரண்டு ஆண்டு அல்லது 18,000 மைல். 4 முயற்சி அல்லது 30 நாள். டெக்ஸஸில் மாநில மோட்டார் வாகனத் துறையிடமே புகார் தர வேண்டும், காலக்கெடு கண்டிப்பானது.

கையெழுத்துக்கு முன்

தயாரிப்பாளரிடமிருந்து முதலில் வரும் சமரசம் பெரும்பாலும் கூடுதல் வாரண்டி அல்லது ஓரிரு மாதத் தவணைக்கான பணம். அதோடு வரும் தாளில் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக வரி இருக்கிறதா என்று வாசியுங்கள். "பணம் வாங்கிக்கொண்டு வண்டியை வைத்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனை, சன்ரூஃப் கசிவு போல வெளியில் சரிசெய்யக்கூடிய கோளாறுக்குப் பொருந்தலாம், ட்ரான்ஸ்மிஷனுக்கு வேண்டாம். இதெல்லாம் நடக்கும் காலத்தில் கடன் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வழக்கு உங்கள் பக்கம் இருந்தாலும், வங்கி வண்டியை எடுத்துப் போய்விட்டால் திருப்பிக் கொடுக்க உங்களிடம் வண்டியே இருக்காது.