கிட்னி ரிப்போர்ட்ல கிரியாட்டினின் மட்டும் பாத்தா போதாது, உடம்புல எங்க புகையுதுன்னு தேடுங்க

கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொன்ன உடனே வீட்ல எல்லாரும் பயப்படுறது டயாலிசிஸ்க்குதான். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், அப்பாவோட கிரியாட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, ரத்தத்துல இது ஏறினா கிட்னி தளருதுன்னு அர்த்தம்) 0.2 ஏறினா அன்னிக்கு யாருக்கும் சோறு இறங்காது. ஆனா நாள்பட்ட கிட்னி நோய் இருக்குற நிறைய பேர் டயாலிசிஸ் வரைக்கும் போறதுக்கு முன்னாடியே ஹார்ட் பிரச்சனையில போயிடுறாங்கங்கறதுதான் உண்மை. இது எங்களுக்கு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

என்ன நடக்குதுன்னா, கிட்னி வடிகட்டாத கழிவு ரத்தத்துல தேங்குது, குடல்ல இருக்குற பாக்டீரியா உண்டாக்குற நச்சும் வெளிய போக வழியில்லாம சுத்துது, இதெல்லாம் ரத்தக்குழாயோட உள்சுவரை நாள் முழுக்க உரசிக்கிட்டே இருக்கும். காய்ச்சல் வராது வலிக்காது ஆனா உள்ள கங்கு மாதிரி இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி, புகைஞ்சிட்டே இருக்கும், அந்த சூட்டுலதான் கொழுப்பு சீக்கிரமா படியுது. அதோட இன்னொன்னு, பாஸ்பரஸ் ஏறுச்சுன்னா குழாயோட நடுச்சுவர்ல இருக்குற தசை செல்லே எலும்பு செல் மாதிரி மாறி கால்சியத்தை சேர்க்க ஆரம்பிச்சிடும், குழாய் பிளாஸ்டிக் பைப் மாதிரி விறைச்சுப் போகும்.

சரி, புகையுதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது. ஹெச்எஸ் சிஆர்பின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, இன்ஃப்ளமேஷன் இருந்தா ஏறுற சிஆர்பிங்கற புரதத்தை அளக்குறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா நல்லது, 3க்கு மேல போனா ஹார்ட் ரிஸ்க் அதிகம், 10ஐ தாண்டினா வேற எங்கயோ கிருமியோ காயமோ இருக்குன்னு சந்தேகப்படணும். இங்க ஒரு குழி இருக்கு பாத்து போங்க. சில லேப்ல லிட்டர் கணக்குல போடாம டெசிலிட்டர் கணக்குல போடுவாங்க. அப்பாவுக்கு ஒரு தடவ 0.9னு வந்துச்சு, ஆஹா ஒண்ணுக்கு கீழன்னு நானே சந்தோஷமா ஃபைல்ல வெச்சிட்டேன், மூணு மாசம் கழிச்சு டாக்டர் பாத்துட்டு "இது 9 தம்பி"ன்னாரு. டெசிலிட்டர்ல 0.9னா லிட்டர்ல 9, பத்து மடங்கு. நம்பருக்கு பக்கத்துல பொடி எழுத்துல இருக்குற யூனிட்டை முதல்ல படிங்க, அப்புறம் நம்பரை படிங்க.

சளி காய்ச்சல் இருக்குறப்ப இந்த டெஸ்ட் எடுக்காதீங்க, சிஆர்பி ரெண்டு நாள்ல எகிறிடும். ஒரே ரிப்போர்ட்டை நம்பாம ரெண்டு வாரம் விட்டு இன்னொன்னு எடுத்து பாக்குறது நல்லது.

சிஆர்பி எடுக்காமலே சில தடயம் ஏற்கனவே உங்க ஃபைல்ல கிடக்கும். ஆல்புமின்ங்கற ரத்தப் புரதம் குறைஞ்சிட்டே வருதா, அதுக்கு காரணம் எப்பவும் சாப்பாடு கிடையாது, இன்ஃப்ளமேஷன் இருந்தா லிவர் ஆல்புமின் தயாரிக்கிறதையே குறைச்சிடும், யூரின்லயும் ஒழுகலாம். ரத்தம் ஊற போடுற எரித்ரோபாய்டின் ஊசி டோஸ் ஏத்திட்டே போறாங்க ஆனா ஹீமோகுளோபின் நகரவே மாட்டேங்குதா, உடம்புல இரும்பு சேமிப்பை காட்டுற ஃபெரிட்டின் மட்டும் உசரமா நிக்குதா, அப்ப இரும்பு நிறைய இருக்குன்னு மட்டும் நினைச்சு விட்றாதீங்க, எங்கயோ புகையுதுன்னும் அர்த்தம் இருக்கலாம். டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு கொலஸ்ட்ரால் ரொம்ப கம்மியா வந்தா கூட கொண்டாட வேண்டாம், உடம்பு தேயுறதோட அடையாளமா இருக்கலாம்.

அடுத்து அது எங்கன்னு தேடணும். நான் முதல்ல தேட சொல்றது வாய்ல. அப்பாவுக்கு பல் வலியே இல்ல, ஆனா பிரஷ் பண்ணி துப்புற நுரை லேசா ரோஸ் கலர்ல இருந்துச்சு, ரொம்ப நாளா அப்படித்தான்பா அதுல என்னன்னு அவரே சொன்னாரு. பல் டாக்டர் கடவாப்பல் பக்கத்துல ஈறை ஒரு சின்ன கம்பியால அழுத்தினப்ப சீழ் வந்துச்சு. பல்லை எடுத்து ஈறை சுத்தம் பண்ணி ரெண்டு மாசத்துல சிஆர்பி 9லேர்ந்து 4க்கு இறங்குச்சு. எல்லாருக்கும் இப்படி இறங்கும்னு சொல்ல வரல, ஆனா ஈறு நோய்ங்கறது நாள் பூரா ரத்தத்துல கிருமி கசியவிடுற காயம், அத விட்டு வெச்சிட்டு சத்து மாத்திரைக்கு காசு கொட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பல் பிடுங்கறதுக்கு முன்னாடி கிட்னி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க கட்டாயம் சொல்லணும்.

அப்புறம் கால். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடியை தரையில வெச்சு பாதத்தை அதுக்கு மேல காட்டி பாருங்க, விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகத்தோரம் எல்லாத்தையும். சுகர் இருக்குறவங்களுக்கு நரம்பு மரத்துப் போயிருக்கும், குழாய் அடைச்சாலும் நடக்குறப்ப வலி தெரியாது, முடி கொட்டி பளபளன்னு இருக்குற தோல், ஒரு கால் மட்டும் சில்லுனு இருக்குறது, ஆறாத புண், இதுதான் அறிகுறியே. கணுக்கால் பிபியை கை பிபியோட ஒப்பிடுற டெஸ்ட்ல (கணுக்கால் பிபியை கை பிபியால வகுத்த கணக்கு) 1.4க்கு மேல வந்தா சூப்பர்னு நினைக்காதீங்க, குழாய் விறைச்சதால அமுங்க மாட்டேங்குதுன்னு அர்த்தம், அப்ப கால் கட்டைவிரல்ல பிரஷர் பாக்க சொல்லி கேளுங்க.

டயாலிசிஸ் ஆளுங்கன்னா டயாலிசிஸ்க்காக கழுத்துல போட்டிருக்குற டியூபை சந்தேகப்படணும், ஃபிஸ்டுலா (கையில ரெண்டு ரத்தக்குழாயை இணைச்சு உண்டாக்குற வழி) போட வாய்ப்பு இருந்தா தள்ளிப் போடாதீங்க. முன்னாடி போட்டு அடைச்சுப்போன பழைய கிராஃப்ட், அதாவது செயற்கை குழாய், சும்மா உள்ள கிடந்தா அதுவும் சத்தமில்லாம புகையும்.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. இன்ஃப்ளமேஷன்தானே, அதுக்குன்னு மாத்திரை இருக்கேன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்னு வாங்கி முழுங்காதீங்க, மிச்சம் இருக்குற கிட்னியையும் அது கெடுத்துடும், ஹார்ட்டுக்கும் நல்லதில்ல. கவுட் மூட்டு வலிக்கு கொடுக்குற கோல்சிசினும் சொந்தமா வேண்டாம், கிட்னி வேலை செய்யலன்னா அது உடம்புல தங்கி விஷமாயிடும். இன்ஃப்ளமேஷனை நேரா குறைச்சா ஹார்ட் அட்டாக் குறையுமான்னு 10,000 பேருக்கு மேல வெச்சு கனகினுமாப் ஊசியை சோதிச்சாங்க, 2017ல ரிசல்ட் வந்துச்சு, குறைஞ்சது நிஜம், ஆனா உயிரை எடுக்குற இன்ஃபெக்ஷன் கூடிடுச்சு. கிருமியோட சண்டை போடுறதும் அதே நெருப்புதான், மொத்தமா அணைச்சா வேற வழியில அடி விழும்.

நிரூபணம் ஆன மருந்துன்னா முதல்ல ஸ்டாட்டின், கொலஸ்ட்ராலை குறைக்குற மாத்திரை வகை. 2011ல வந்த ஷார்ப் ஆய்வுல 9,000த்துக்கு மேல கிட்னி நோயாளிங்களுக்கு சிம்வாஸ்டாட்டின்ங்கற ஸ்டாட்டின் 20 மில்லிகிராம், எசிடிமைப்ங்கற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்து 10 மில்லிகிராம் சேர்த்து கொடுத்ததுல குழாய் அடைப்பால வர்ற பெரிய பிரச்சனைங்க ஆறுல ஒரு பங்கு குறைஞ்சுது. ஆனா டயாலிசிஸ்க்கு போன பிறகு புதுசா ஆரம்பிச்சா பெருசா பலன் இல்லன்னு 2005லயும் 2009லயும் வந்த ஆய்வுங்க சொல்லுது, அதனால சீக்கிரம் ஆரம்பிக்கணும், ஏற்கனவே சாப்பிடுறவங்க டயாலிசிஸ் வந்துடுச்சேன்னு நிறுத்த வேண்டியதில்ல. முதல்ல சுகருக்குன்னு வந்த டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மருந்து ஒத்துவருமான்னும் கேளுங்க, 2020ல வந்த ஆய்வுல சுகர் இல்லாத கிட்னி நோயாளிங்களுக்கும் பலன் இருந்துச்சு. வாந்தி பேதி ஆகி சாப்பிட முடியாத நாள்ல அத தொடரலாமான்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

மத்தபடி சிகரெட் விடுறது, உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள்ள, வீட்டு பிபி நோட்டு, தடுப்பூசி எல்லாம் தெரிஞ்சதுதான். பாக்கெட் சாப்பாட்டு லேபிள்ல பாஸ்பேட்டுன்னு எந்த பேர்ல இருந்தாலும் திரும்ப வெச்சிடுங்க, அந்த வகை பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துல ஏறிடும், பருப்பு தானியத்துல இருக்குறது அவ்வளவு ஏறாது. மலச்சிக்கலை விடாதீங்க, நான் சொன்ன குடல் நச்சு தேங்கறதே அங்கதான். நார்ச்சத்து கூட்டுறப்ப காய் பழத்தோட பொட்டாசியமும் ஏறலாம், அதை ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு, நெஞ்சு வலிக்குதுன்னு எமர்ஜென்சிக்கு ஓடுற நாள் வரலாம், வலியே இல்லாம மூச்சு வாங்குறது, திடீர் வியர்வை, குமட்டல்னும் வரலாம், வலிக்கட்டும் பாக்கலாம்னு காத்திருக்காதீங்க. அங்க டிராப்போனின்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க, ஹார்ட் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற புரதம் அது. கிட்னி நோயாளிங்களுக்கு அது சாதாரண நாள்லயே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், அதனால சில மணி நேரம் விட்டு திரும்ப எடுத்து ஏறுதா இறங்குதான்னு பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. பழைய டிராப்போனின் ரிப்போர்ட்டும் ஈசிஜியும் ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல போட்டு வெச்சுக்கோங்க, அப்பாவோட ஃபைல் பீரோல பூட்டி கிடந்த ராத்திரிக்கு அப்புறம் நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், அம்மா ஃபோன்லயும் ஒரு காப்பி இருக்கு.