ரேடாரில் அடையாளம் தெரியாத விமானம்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பழவேற்காட்டுக் கரையில் மாலையில் நிற்பவருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, கிழக்கே கடல், தெற்கே மீனம்பாக்கத்துக்குப் போய்வரும் விமானங்கள். ஆரம்பாக்கத்திலிருந்து தடா, சூளூர்பேட்டை வரை தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பட்டையில், வானத்தில் ஏதோ போனது என்ற பேச்சு அடிக்கடி எழும். அப்படி ஒன்றைப் பார்த்தவரும், ரேடாரில் மர்ம விமானம் என்ற செய்தியைப் படிப்பவரும் எந்த வரிசையில் கேள்வி கேட்க வேண்டும் என்பதை, விமானப்படையினர் கேட்கும் வரிசையை ஒட்டியே எழுதுகிறேன்.

முதலில் 'அடையாளம் தெரியாத' என்ற சொல்லை அதன் அளவுக்குள் நிறுத்துங்கள். ரேடார் அனுப்பும் அலை ஒரு பொருளில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரமே தூரத்தைச் சொல்கிறது. ஒரு மில்லி விநாடியில் திரும்பினால் பொருள் 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த எதிரொலியில் பெயரோ தேசமோ இல்லை. பெயரைத் தருவது இரண்டாம் வகை ரேடார்: அது கேள்வி கேட்கும், விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டர் நான்கு இலக்க எண்ணைப் பதிலாக அனுப்பும். பதில் வராமல், பறப்புத் திட்டத்தோடும் பொருந்தாமல், வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் கிடைக்காத திரைப் புள்ளியே 'அடையாளம் தெரியாதது' ஆகிறது. ஆகவே விசாரணையின் முதல் வேலை பெரும்பாலும் தொலைபேசியிலும் காகிதத்திலும்தான் நடக்கிறது. வானொலி பழுதான விமானி 7600 என்ற எண்ணை வைத்திருக்கலாம், ட்ரான்ஸ்பாண்டரே பழுதாகியிருக்கலாம்.

ஆனால் பெயர் கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்தது என்றும் இல்லை. 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஆயுதங்களைப் போட்ட ஆன்டனோவ்-26 சரக்கு விமானம், வாரணாசியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போகும் விமானமாகவே பறந்தது. சில நாள்கள் கழித்து அதே விமானம் திரும்பி வந்தபோதுதான் பம்பாயில் கட்டாயமாக இறக்கப்பட்டது.

அடுத்து வேகத்தைக் கணக்கிடுங்கள். ஆண்டெனா 10 விநாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுகளுக்கிடையே புள்ளி 1 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 360 கி.மீ.; அது விமானமாக இருக்கலாம். 10 கி.மீ. தாவியிருந்தால் 3,600 கி.மீ. வருகிறது, அப்போது ஒரே பொருள் பறந்ததா, இரண்டு தனித்தனி எதிரொலிகளைக் கோடு போட்டு இணைத்துவிட்டோமா என்று முதலில் கேட்க வேண்டும். காற்றின் திசையிலேயே காற்றின் வேகத்தில் நகர்வது பலூனாக இருக்கலாம். மீனம்பாக்கத்திலிருந்து வானிலை பலூன்கள் காலை, மாலை 5.30 மணியை ஒட்டி மேலே போகின்றன. குளிர்காலத்தில் எங்கள் ஏரிக்கு வரும் பூநாரைக் கூட்டமும் ரேடாருக்கு ஒரு பொருள்தான்.

கடற்கரையில் மேலும் ஒரு வஞ்சகம் உண்டு. கீழே ஈரமான குளிர்காற்றும் மேலே உலர்ந்த சூடான காற்றும் படிந்த அமைதியான இரவில் ரேடார் அலை நிலத்தை நோக்கி வளையும். தொலைதூரக் கப்பலும் குன்றும் வானத்தில் இருப்பதுபோலத் திரையில் தோன்றும். 1952 ஜூலையில் வாஷிங்டன் நகரத்து ரேடார்களில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் புள்ளிகள் தெரிந்து, போர் விமானங்கள் அனுப்பப்பட்டபோது, அமெரிக்க விமானப்படை தந்த விளக்கம் இந்த வெப்பநிலைத் தலைகீழ் நிலைதான். எல்லோரும் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: 25 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு, 100 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் சுமார் 60 கி.மீ. நெருங்கும்வரை பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்தே இருக்கும். திரையில் இல்லை என்பதால் வானத்தில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இத்தனையும் கழித்த பிறகே, நேரில் பார்த்து வழிமறிக்கும் இடைமறிப்பு விமானம் கிளம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆபத்து என்று பட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இடைமறிப்பவர் சற்று மேலும் முன்னாலும் வந்து இறக்கையை ஆட்டிக் காட்டுவார். மற்றவர் தானும் ஆட்டிப் பின்தொடர வேண்டும். அவசர வானொலி அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸில் பேச்சு நடக்கும். 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தருகே பொருளொன்று தென்பட்டபோது ரஃபேல் விமானங்கள் தேடச் சென்றன.

இனி உங்கள் குறிப்பேடு. ஒரு மார்கழி மாலை படகுக்கார அண்ணன் கடல் மேல் ஒரு வெளிச்சத்தைக் காட்டி, "ஒரே இடத்துல நிக்குது தம்பி, ட்ரோன்தான்" என்றார். கரையில் நட்டிருந்த கம்பத்தோடு அதை நேர்வைத்து, கையை நீட்டி முஷ்டியால் அளந்தோம். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. 40 நிமிடத்தில் அது சரியாக ஒரு முஷ்டி உயர்ந்தது. மணிக்கு 15 பாகை என்பது விண்மீன்களின் நடை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வியாழன் கோள். எங்களுக்கு வெட்கமில்லை: 2012-இல் லடாக்கில் ராணுவத்தினர் உளவு ட்ரோன் என்று ஐயுற்ற வெளிச்சங்களை, பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் வியாழன், வெள்ளி என்றே கண்டறிந்தது.

எனவே மணியைக் கைப்பேசியில் பார்த்து நிமிடத்தோடு எழுதுங்கள். திசையைக் கலங்கரை விளக்கம் போன்ற அசையாத ஒன்றை வைத்து எழுதுங்கள்; உயரத்தை முஷ்டியில் எழுதுங்கள்; ஒலி இருந்ததா என்பதை விடாதீர்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் அன்று ஏவுதல் உண்டா என்று பாருங்கள். விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பில் உள்ள உலக நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தால் முழுக் கணக்கும் கெடும். இவற்றில் எதிலும் அடங்காமல், தாழப் பறந்தோ கடலில் எதையேனும் போட்டோ சென்றால், காத்திருக்காமல் 112-க்கோ கடலோரக் காவலின் 1093-க்கோ அழையுங்கள். மணி, இடம், திசை, உயரம் என்ற வரிசையில் சொல்லுங்கள். அது என்னவென்று நீங்கள் நினைப்பதைக் கேட்டால் மட்டும் கடைசியில் சொல்லுங்கள்.