புதிய மியூசிகலைத் தயாரிப்பாளர்கள் முன் பாடிக் காட்டுவது எப்படி

செட் கிடையாது, உடை அலங்காரம் கிடையாது. நடிகர்கள் கையில் பிரதியோடு மியூசிக் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று வசனம் பேசிப் பாடுவார்கள், பக்கவாத்தியமாக ஒரு பியானோ இருக்கும். இதைத்தான் ரீடிங் என்கிறார்கள். புதிதாக எழுதிய மியூசிகலை, அதாவது பாட்டும் வசனமும் கலந்த மேடை நாடகத்தை, தயாரிப்பாளர்களிடம் கொண்டுசேர்க்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் இதைக் குட்டி மேடையேற்றமாக நினைத்துச் செய்பவர்கள் பணத்தையும் நேரத்தையும் தவறான இடத்தில் கொட்டிவிடுகிறார்கள். வந்து உட்காருகிறவர் தினமும் மேடையோடு புழங்குகிறவர். செட்டையும் விளக்கையும் அவரே மனதில் போட்டுக்கொள்வார். காதில் விழாத பாட்டு வரியை மட்டும் அவரால் ஊகித்துக்கொள்ள முடியாது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: வரி கேட்க வேண்டும், கதை புரிய வேண்டும்.

முதலில் காகித வேலை. நாடகம் ஒரு நாவலிலிருந்தோ திரைப்படத்திலிருந்தோ எடுத்ததென்றால், மூலத்தின் உரிமை எழுத்தில் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற பதிலோடு அந்த உரையாடல் முடிந்துவிடும். உரிமை கிடைக்காமல் ஒத்திகை அறை பிடிக்காதீர்கள். அடுத்தது எழுதியவர்களுக்குள் ஒப்பந்தம். கதை வசனம் ஒருவர், மெட்டு ஒருவர், பாடல் வரிகள் ஒருவர் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது பரவலான ஏற்பாடு. பங்கைவிட முக்கியமாக, ஒருவர் பாதியில் விலகினால் அவர் எழுதியது யாருக்குச் சொந்தம், தயாரிப்பாளரிடம் எல்லோர் சார்பிலும் யார் பேசுவது என்ற இரண்டையும் எழுதி வையுங்கள். ரீடிங் நன்றாக நடந்து முடிந்த மறுநாள் இதைப் பேச உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும்.

எந்தப் பகுதியைக் காட்டுவது?

முழு நாடகத்தையும் காட்டுவதா, 45 நிமிடம் மட்டுமா என்பது அழைக்கப்போகிறவர்களைப் பொறுத்தது. அமெரிக்காவில் நேஷனல் அலையன்ஸ் ஃபார் மியூசிகல் தியேட்டர் என்ற அமைப்பு 1989 முதல் நியூயார்க்கில் நடத்திவரும் புதிய மியூசிகல் விழாவில், வழக்கமாக எட்டு நாடகங்களுக்கு ஆளுக்கு 45 நிமிடம் தருகிறார்கள். கனமான இரண்டு மணி நேர நாடகத்துக்கு இது குறைவாகத் தெரியலாம். ஆனால் நாடகம் நிற்குமா நிற்காதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். 'கம் ஃப்ரம் அவே' என்ற மியூசிகல் 2013-இல் அந்த விழாவில் காட்டப்பட்டு, 2017-இல் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கு வந்தது. காட்டுவதற்கும் பிராட்வே மேடையேற்றத்துக்கும் நடுவே ஓடும் காலம் எவ்வளவு என்பதற்கும் அதுவே கணக்கு.

நாடகம் முழுவதிலிருந்தும் 'நல்ல பாட்டு' ஒன்பதைப் பொறுக்கி வரிசையாகப் பாடவைப்பதுதான் 45 நிமிடத்தில் அதிகம் நடக்கும் தவறு. அது கச்சேரியாகிவிடும். வசனம் எந்த இடத்தில் பாட்டாக மாறுகிறது, பாட்டு முடிந்த பிறகு கதாபாத்திரம் வேறு நிலைக்கு நகர்ந்திருக்கிறதா என்பதைத்தான் தயாரிப்பாளர் பார்க்க வந்திருக்கிறார். எங்கள் சிபாரிசு இது: முதல் அங்கத்தின் ஆரம்பத்திலிருந்து 25 முதல் 30 நிமிடம் வரை ஒரு காட்சியும் விடாமல் தொடர்ச்சியாகக் காட்டுங்கள். நாயகன் அல்லது நாயகி தனக்கு என்ன வேண்டும் என்று பாடும் பாட்டு அதற்குள் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் ரீடிங்கைத் தள்ளிவைத்து நாடகத்தைத் திருத்துங்கள். பிறகு கதைசொல்லி ஒருவர் நான்கு வரியில் இடைவெளியைக் கடக்கட்டும். இரண்டு பேர் மோதும் பாட்டு ஒன்று, அதன் பின் முதல் அங்கம் முடியும் இடம், அதோடு நிறுத்துங்கள். முடிவைக் காட்டத் தேவையில்லை. முடிவு தெரிய வேண்டுமென்று அவர் பிரதியைக் கேட்டு வாங்குவதுதான் உங்களுக்கு லாபம்.

நேரத்தைப் பக்கக் கணக்கில் மதிப்பிடாதீர்கள். வசனப் பக்கம் ஒரு நிமிடம் என்பது ஓரளவு ஒத்துவரும். பாட்டுப் பக்கத்துக்கு அந்தக் கணக்கு பொய். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாடிப் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டு எட்டு என்றால் 24 நிமிடம், வசனம் 14, கதைசொல்லி 2. மீதி 5 நிமிடத்தைச் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் விட்டுவையுங்கள். விடாவிட்டால் கடைசிப் பாட்டை நடிகர்கள் ஓட்டமாகப் பாடி முடிப்பார்கள்.

மேடைக் குறிப்புகளை வெட்டுவதில் தயவு பார்க்காதீர்கள். கட்டியக்காரன் போல ஒருவர் நின்று அறையின் சுவர் நிறத்தையெல்லாம் வாசித்தால் காட்சியின் வேகம் செத்துவிடும். 'அவள் கடிதத்தை எடுத்து உறைக்குள் திரும்ப வைக்கிறாள்.' கதைக்கு அந்தச் செயல் வேண்டுமென்றால் இவ்வளவு போதும். வசனத்திலேயே தெரிந்துவிடும் செயலுக்குக் குறிப்பே வேண்டாம்.

பிரதியும் ஸ்கோரும்

நடிகருக்குத் தரும் பைண்டரில் வசனமும் பாட்டின் ஸ்வரக் குறிப்பும் நாடக வரிசையிலேயே கலந்து இருக்க வேண்டும். வசனம் ஒரு கட்டு, பாட்டு ஒரு கட்டு என்று பிரித்துத் தந்தால் ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்திலும் காகிதம் சலசலக்கும், முதல் வரி தொலையும். கறுப்பு பைண்டர், தடித்த தாள், தொடர் பக்க எண். ஸ்கோரில், அதாவது அந்த ஸ்வரக் குறிப்பில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் (கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) எண் போடுங்கள். 'பார் 43-லிருந்து' என்று சொன்னதும் அத்தனை பேரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். பியானோக்காரரின் பிரதியில் பக்கம் புரட்டும் இடம் ஒரு மௌனத்தில் விழுமாறு அமையுங்கள். வேகமான வாசிப்பின் நடுவே விழுந்தால் அவர் ஒரு கையை எடுத்தே ஆக வேண்டும். பாடுகிறவர் காலடியில் தரை நழுவியது போல ஆகும்.

இரண்டாம் நாள் ஒத்திகைக்குள் சுருதி பிரச்சினை கண்டிப்பாக வரும். ஒரு பாட்டை ஒரு ஸ்வரம் இறக்கினால் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டிவரும் இணைப்பு இசையும் மாற வேண்டும். பல பேர் பாட்டை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பை மறந்துவிடுகிறார்கள், அது காட்டும் நாளில்தான் தெரியவரும். மாற்றிய பக்கங்களை வேறு நிறத் தாளில் அச்சிட்டு, தேதி போட்டுக் கொடுங்கள். பழைய தாளைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். ஒருவர் பைண்டரில் பழைய பக்கம் தங்கிவிட்டால் கூட்டுப்பாட்டில் ஒருவர் மட்டும் வேறு வார்த்தை பாடுவார்.

நடிகர்களும் நேரமும்

நாடகத்தில் 14 பாத்திரம் இருந்தால் 14 பேர் வேண்டியதில்லை. ஒருவருக்கு இரண்டு மூன்று சிறு வேடம் கொடுத்து 8 பேரில் முடிக்க முடியுமா என்று அட்டவணை போட்டுப் பாருங்கள். ஒரே பாட்டில் ஒருவர் தனக்குத்தானே பதில் சொல்லும்படி ஆகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரீடிங்குக்கு ஆள் எடுக்கும்போது குரல் அழகைவிட, குறிப்பைப் பார்த்ததும் பாடும் திறமையும் வார்த்தைத் தெளிவும் முக்கியம். ஒவ்வொருவருக்கும் அவர் பாட வேண்டிய பகுதியைத் தனியாகப் பாடிப் பதிவு செய்து குறைந்தது பத்து நாள் முன்பே அனுப்புங்கள். அந்தப் பதிவுகள் ஒத்திகையில் ஒரு நாளையே மிச்சப்படுத்தும்.

அமெரிக்காவில் நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் விதிப்படி நடக்கும் '29 மணி நேர ரீடிங்' மிகப் பிரபலம். ஒத்திகையும் நிகழ்ச்சியும் சேர்த்து 29 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அது இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், பிரதி கையிலேயே இருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் செய்தாலும் இந்த அளவு ஒரு நல்ல சட்டகம். முழு நாடகத்துக்கு நாங்கள் பிரிக்கும் விதம்: பாட்டு கற்க 12 மணி, காட்சிகளும் அவை பாட்டோடு ஒட்டும் இடங்களும் 8 மணி, முழு ஓட்டமும் திருத்தமும் 4 மணி, இரண்டு முறை காட்ட 5 மணி. 45 நிமிடப் பகுதிக்கு 15 முதல் 18 மணி போதும்.

பாட்டு கற்கும் 12 மணியில் கூட்டுப்பாட்டை முதலில் எடுங்கள். தனிப்பாட்டை நடிகர் வீட்டிலும் பழகலாம், நான்கு குரல் இசைவை அறையில் மட்டுமே பழக முடியும். ஒத்திகை நேரத்தில் பாதி கடந்ததும் புதிய வரிகள் எழுதித் தருவதை நிறுத்துங்கள். எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் கஷ்டம். ஒவ்வொரு இரவும் இன்னும் நல்ல வரி ஒன்று தோன்றும். அதை அடுத்த ரீடிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாறிய வரியைப் பாடும் நடிகரின் கண் பிரதியை விட்டு எழாது. கண் எழாத பாட்டை யாரும் நம்புவதில்லை.

அறை

60 முதல் 100 பேர் உட்காரும் அறை, ஒரே ஒரு பியானோ என்றால் மைக் வேண்டாம். கிராண்ட் பியானோவின் மூடியை மூடியே வையுங்கள். அது போதவில்லையென்றால் அடியில் ஒரு தடித்த கம்பளம் விரியுங்கள். வாசிப்பவரிடம் இடது கையை இலேசாக வைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஆண் குரலின் வார்த்தையை அதிகம் மூழ்கடிப்பது கீழ் ஸ்வரங்கள்தான். டிரம் சேர்க்கும் ஆசை வரும். தாளமே நாடகத்தின் உயிர் என்றால் கஹோன் என்ற பெட்டித் தாளவாத்தியம் ஒன்று போதும். பெரிய அறையானால் ஸ்டாண்ட் மைக் நான்கைந்து வைத்து, எந்தப் பாட்டில் யார் எந்த மைக்குக்கு வருகிறார் என்று வரைபடம் போட்டு அதையும் ஒத்திகை பாருங்கள். இதை விட்டுவிட்டால் ஒரே மைக்குக்கு இரண்டு பேர் நடந்துவந்து மோதிக்கொள்வார்கள்.

மியூசிக் ஸ்டாண்ட் மார்பு உயரத்துக்குக் கீழே, தட்டு சாய்வாக இருக்கட்டும். அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்: ஒவ்வொருவர் வாயும் தெரிகிறதா? தெரியாத வாயின் வார்த்தை பாதிதான் கேட்கும். பியானோவை ஓரமாக, வாசிப்பவர் தலையைத் தூக்கினால் பாடுகிறவர்கள் முகம் தெரியும்படி வையுங்கள்.

யாரை, எப்போது அழைப்பது?

எல்லோரையும் அழைக்காதீர்கள். ஐந்து பேர் நடிக்கும் அந்தரங்கமான கதையை 1,500 இருக்கை அரங்குக்காரரிடம் காட்டினால், பிடித்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொருவரும் கடைசியாக மேடையேற்றிய மூன்று நான்கு நாடகங்களைப் பார்த்து, உங்களுடையதன் அளவும் தொனியும் அதோடு சேருமா என்று யோசித்து அழையுங்கள். ஆறு வாரம் முன்பு முதல் அழைப்பு, பத்து நாள் முன்பு நினைவூட்டல், முந்தின நாள் இரண்டு வரி. வேலைநாள் பிற்பகலில் வையுங்கள், மாலையில் அவர்களுக்கு அவர்கள் அரங்கு இருக்கிறது. இரண்டு வெவ்வேறு நாளில் காட்டினால் ஒன்றைத் தவறவிட்டவர் மற்றதற்கு வருவார்.

அழைப்போடு ஒரே பக்கம்: கதை மூன்று வரியில், நடிகர் எண்ணிக்கை, வாத்தியக்காரர் எண்ணிக்கை, ஓடும் நேரம், மூல உரிமையின் நிலை, இதுவரை நடந்த ரீடிங்குகள், அடுத்து நீங்கள் தேடுவது என்ன. இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. 'மூன்று வாரப் பட்டறை நடத்த இடம் தேவை' என்று எழுதினால் அவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியும். டெமோ பாட்டுகள், அதாவது மாதிரிக்குப் பாடிப் பதிவு செய்தவை, மூன்று போதும். முதல் 20 விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும்.

மீதி இருக்கைகளைச் சொந்தக்காரர்களால் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் விசிலடிக்கும் கூட்டத்தைத் தயாரிப்பாளர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள், அதன் பிறகு உண்மையான சிரிப்பையும் நம்ப மாட்டார்கள். நாடகம் பார்க்கும் வழக்கமுள்ள, உங்களைத் தெரியாதவர்கள் இருபது பேர் இருந்தால் அறை நேர்மையாக இருக்கும்.

அன்றைக்கு

அறிமுகம் ஒரு நிமிடம். 'இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, மன்னிக்க வேண்டும்' என்ற பேச்சு வேண்டாம். அது அவர்களுக்குத் தெரியும். நடிகர்கள் அனுமதியும் சங்க அனுமதியும் இல்லாமல் பதிவு செய்யாதீர்கள். எழுதியவர்கள் தயாரிப்பாளர் பக்கத்தில் உட்காரக் கூடாது. கடைசி வரிசையில் பிரதியும் பென்சிலுமாக உட்காருங்கள். அங்கிருந்து தெரிவது பின்னந்தலைகள்தான், ஆனால் அவை எல்லாவற்றையும் சொல்லும். தலைகள் அசையாமல் இருந்தால் கதை பிடித்திருக்கிறது. 31-ஆம் பக்கத்தில் ஒருவர் காலை மாற்றிப்போடுகிறார், அடுத்தவர் நிகழ்ச்சித் தாளைப் புரட்டுகிறார், யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். பிரதியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு முறை காட்டியபோதும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் பிரச்சினை அந்தப் பக்கத்தில் இருக்காது, பெரும்பாலும் அதற்கு ஐந்தாறு பக்கம் முன்பு கதாபாத்திரத்தின் தேவை மங்கிப்போயிருக்கும்.

முடிந்ததும் வாசலில் நின்று 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். நன்றி சொல்லி அனுப்புங்கள். ஒரு நாள் கழித்து முழுப் பிரதியும் டெமோக்களும் சேர்த்து அனுப்புங்கள். காட்டிய நாளின் திருத்தங்கள் அந்தப் பிரதியில் ஏறியிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு முறை கேளுங்கள். யாராவது 'இரண்டாவது அங்கம் எங்கே போகிறது?' என்று கேட்டு எழுதினால் அவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். 'அருமை, வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதியவரை அடுத்த ரீடிங்குக்கு அழைக்கும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஆப்ஷன் எடுக்க முன்வந்தால், அதாவது பணம் கொடுத்து குறிப்பிட்ட காலத்துக்கு மேடையேற்றும் உரிமையைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ள விரும்பினால், அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மாதம், நீட்டிப்புக்கு எவ்வளவு, அதற்குள் அவர் என்ன செய்தாக வேண்டும் என்பதை நாடகத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். ரீடிங்குக்கு இடம் கொடுத்த அரங்கு, இயக்கியவர் ஆகியோரின் ஒப்பந்தத்தையும் அதே மேசையில் வையுங்கள். நாடகத்தின் பிற்கால வருமானத்தில் ஆளுக்கு ஒரு சிறு சதவீதம் என்று அவற்றில் எழுதியிருக்கலாம். அவை எல்லாம் கூட்டினால் எவ்வளவு ஆகிறது என்று அப்போதே கணக்குப் பாருங்கள். தயாரிப்பாளரின் வழக்கறிஞர் அதை எப்படியும் பார்ப்பார்.