கடலைக்கு தென்னை ஓலைக் கசாயம்

அண்ணாச்சி, நிலக்கடலைல மொட்டுக் கருகலுக்கு தென்னை ஓலைக் கசாயம் அடிக்கலாமான்னு கேட்டியளே, கடலை போட்டு எத்தன நாளாச்சு, முதல்ல அத சொல்லுங்க. குருத்து கருகிட்டு, செடி குட்டையா நின்னுட்டுன்னா அதுக்கு இந்தக் கசாயம் மருந்து இல்ல, அந்தச் செடிய பிடுங்கி தூரப் போடுங்க. நம்ம வள்ளியூர் பக்கம் செவக்காட்டுல நிறைய பேரு மொட்டுக் கருகல்ங்கிற இந்த வைரஸ் நோய பாத்த பெறவுதான் மருந்தடிக்கிற டேங்க தோள்ல மாட்டுதாவ, நானும் போன தடவ அப்படித்தான் அடிச்சு கைவலி மட்டும் மிச்சம்.

காஞ்ச தென்னை ஓலை இல்லன்னா சோளத் தட்டை இலை, நறுக்கி பொடியாக்கணும். 1 கிலோ பொடிக்கு 2 லிட்டர் தண்ணி, 60 டிகிரி சூட்டுல 1 மணி நேரம். கொதிக்க விட்ராதீங்க, அடுப்ப சிம்முல வச்சு தெர்மாமீட்டர் போட்டு பக்கத்துலயே உக்காரணும், வேற வழி கெடையாது. துணில வடிகட்டி 10 லிட்டராக்கி, விதைச்ச 10வது நாளும் 20வது நாளும் அடிக்கணும். ஏக்கருக்கு 200 லிட்டர் பிடிக்கும், அப்போ ஒரு தடவைக்கே 20 கிலோ பொடி, ரெண்டு தடவைக்கு 40. இதக் கேட்டதும் பாதிப் பேரு ஓடிருவாவ.

ஏன் முன்னாடியே அடிக்கணும்னா, கசாயம் செடியோட எதிர்ப்பு சக்திய உசுப்பி விடுதுங்கிறதுதான் விஷயம். வாழைக்காய நறுக்கி வச்சா கறுத்துப் போகும்லா, அது பாலிபீனால் ஆக்சிடேஸ்ங்கிற என்சைம் வேல. பெராக்சிடேஸ்னு இன்னொண்ணு செல் சுவர கெட்டியாக்கும், பி.ஏ.எல்.னு இன்னொரு என்சைம், நோய எதிர்க்கிற பீனால்ங்கிற பொருள செடி தயாரிக்கிறத தொடங்கி வைக்கும். உசுப்பின செடில இதெல்லாம் கூடும், ஆனா அது கூடுறதுக்கு சில நாளாவும், வைரஸ் உள்ள பரவின பெறவு எழுப்பி என்ன பிரயோஜனம்? 1961லயே ராஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி புகையிலைல இத பாத்துட்டாரு, அடி இலைல வைரஸ தடவி சில நாள் கழிச்சு மேல் இலைலயும் தடவினா மேல புள்ளி சின்னதாத்தான் வந்துச்சு, அடி இலை மேல் இலைக்கு தகவல் சொல்லிருக்கு.

வைரஸ கொண்டு வாரது இலைப்பேன், அத இந்தக் கசாயம் கொல்லாது, அத தனியா பாத்துக்கணும். 15க்கு 15 சென்டிமீட்டர்னு நெருக்கி விதைச்சாலும் நோய் கொறையும்.

உழவுக்கு முன்னாடியே ஓலைய காயப் போட்டு பொடியாக்கி சாக்குல கட்டி வச்சிருங்க, விதைச்ச பெறவு ஆரம்பிச்சா 10வது நாள் கண்டிப்பா தப்பிரும், உருவின ஈர்க்குச்சி வாரியலுக்கு ஆச்சு.