எதில் பாதி? பிரிட்டிஷ் இந்தியா கட்டிய தூதரகச் செலவுக் கணக்கைப் படிப்பது எப்படி

பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) புஷயர், ஓமனின் மஸ்கட், ஈராக்கின் பாக்தாத், சீனாவின் மேற்குக் கோடியில் காஷ்கர், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்சிபார். இந்த ஊர்களில் எல்லாம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கொடி பறந்தது, கொடிக்குக் கீழே ஒரு அதிகாரி, குமாஸ்தாக்கள், காவலுக்குச் சிப்பாய்கள், ஒரு டாக்டர் என்று ஒரு சின்ன உலகமே இருந்தது. அந்த உலகத்துக்கான பணம் லண்டனிலிருந்து மட்டும் போகவில்லை. சில இடத்துக்கு முழுசாகவும் சில இடத்துக்குப் பாதியாகவும் இந்திய வரிப்பணம் போனது. எந்த இடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்க நினைத்தால், பைல்களைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் தலை சுற்றும். அப்படிச் சுற்றாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

தேட வேண்டிய இடம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கத்தார் டிஜிட்டல் லைப்ரரியில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த துறை) ஆவணங்கள் ஏராளமாக இலவசமாகக் கிடக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் அன்றைய இந்திய அரசாங்கத்தின் வெளியுறவுத் துறைப் பைல்கள் கிடைக்கும். தேடும்போது 'ஹாஃப்' என்று அடித்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தா பாதியை 'மாயிட்டி' (moiety) என்றுதான் எழுதுவார். அதோடு 'இம்பீரியல் எக்ஸ்செக்கர்' (Imperial Exchequer, லண்டன் கஜானா), 'இந்தியன் ரெவின்யூஸ்' (Indian revenues, இந்திய வருவாய்), 'டெபிட்டபிள்' (debitable, இன்ன கணக்கில் எழுத வேண்டியது) என்ற சொற்களையும் சேர்த்துத் தேடினால் பணத்துக்குச் சண்டை நடந்த பைல்கள் வரிசையாக வந்து நிற்கும். கம்ப்யூட்டர் படித்துக் கொடுக்கும் எழுத்துப் படியில் எண்களை மட்டும் நம்ப வேண்டாம், 3 என்பது 8 ஆகியிருக்கும். ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

பைல் கிடைத்ததும் முதலில் அதிகாரியின் பதவிப் பெயரைப் பாருங்கள், தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புஷயரில் இருந்தவர் இந்திய அரசாங்கத்துக்குப் பாரசீக வளைகுடாவின் அரசியல் ரெசிடென்ட், அதாவது அங்கேயே தங்கி அரசியல் காரியங்களைப் பார்த்த பிரதிநிதி. 1878லிருந்து அவரே பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்கு பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணத்துக்குக் கான்சல் ஜெனரலும் (தலைமைத் துணைத்தூதர்) ஆனார். ஒரே ஆள், ஒரே மேஜை, இரண்டு எஜமானர்கள். ஒரு கடிதம் சிம்லாவுக்குப் போகும், இன்னொன்று தெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதருக்குப் போகும். பணம் என்று வரும்போது மட்டும் இரண்டு எஜமானர்களும் 'இது உங்கள் வேலைதானே' என்று ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். பாக்தாத்திலும் மஸ்கட்டிலும் இதே இரட்டைத் தொப்பிதான். காஷ்கர் இன்னும் வேடிக்கை: ஜார்ஜ் மக்கார்ட்னி 1890ல் அங்கே போய்ச் சேர்ந்தார், கான்சல் என்ற பட்டம் கிடைக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. அதுவரை காகிதத்தில் அவர் காஷ்மீர் ரெசிடென்டின் உதவியாளர். அவரைத் தேடுகிறவர் சீனாவில் இருந்த பிரிட்டிஷ் தூதரகப் பட்டியலைப் புரட்டினால் ஆள் சிக்கமாட்டார்.

பதவிப் பெயரை அடுத்து தேதி. ஒரே அலுவலகம் வெவ்வேறு வருஷத்தில் வெவ்வேறு கஜானாவின் பொறுப்பில் இருந்திருக்கும். தெஹ்ரான் தூதரகத்தை 1859ல் வெளியுறவுத் துறையிடமிருந்து எடுத்து இந்தியா ஆபீஸிடம் கொடுத்தார்கள், மறு வருஷமே திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில்தான் தூதராக இருந்த ஹென்றி ராலின்சன் ராஜினாமா செய்தார். கட்டுப்பாடு லண்டனுக்குப் போய்விட்டது, ஆனால் இந்தியா பங்குப்பணம் கட்டுவது நிற்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: கட்டளை போடுகிறவரும் காசு கொடுக்கிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற அவசியம் இந்த ஏற்பாட்டில் கிடையாது. ஜான்சிபார் 1883ல் இந்தியாவின் கையிலிருந்து வெளியுறவுத் துறைக்கு மாறியது. ஆகவே 1880ன் கணக்கையும் 1890ன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'செலவு குறைந்துவிட்டது' என்று சொல்ல முடியாது.

சரி, யார் கொடுக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1858ன் இந்திய அரசாங்கச் சட்டம் இந்திய வருவாயை இந்திய அரசாங்கத்தின் காரியங்களுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்றது. எல்லைக்கு வெளியே படை நடத்த இந்தியப் பணத்தைத் தொட வேண்டுமானால், படையெடுப்பைத் தடுக்கும் அவசரம் தவிர, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சம்மதிக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொன்னது. கான்சல் வைப்பதற்கு அப்படிப்பட்ட பூட்டு இல்லை. அதனால் ஒவ்வொரு பைலிலும் வாதம் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும்: இந்த அலுவலகம் இந்தியாவின் காரியத்துக்கானதா இல்லையா? வளைகுடாவில் இந்திய வணிகர்கள் இருக்கிறார்கள், 1864ல் போட்ட தந்திக் கம்பி அந்த வழியாகத்தான் போகிறது, வடக்கே ரஷ்யா வருகிறது என்று லண்டன் ஒரு பட்டியல் வாசிக்கும். சீனாவில் இருந்த தூதரக, கான்சல் செலவில்கூட இந்தியா பங்கு கட்டியது, காரணம் அபின் வியாபாரம். இந்த மனப்பான்மை எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1867ல் துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டனுக்கு வந்தபோது இந்தியா ஆபீஸ் கட்டடத்தில் நடந்த நடன விருந்தின் பில்லும் இந்தியாவுக்கே வந்தது.

இந்தச் செலவெல்லாம் இந்தியாவின் தலையிலா என்ற முணுமுணுப்பு கூடிக்கூடி, இந்தியாவின் செலவுகளை விசாரிக்க 1895ல் வெல்பி கமிஷன் உட்கார்ந்தது. தாதாபாய் நவ்ரோஜி அதில் உறுப்பினர். 1897ல் கோகலே, தின்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு சுதேசமித்திரனை நடத்திய நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் லண்டன் போய் அதன் முன்னால் சாட்சி சொன்னார். 1900ல் வந்த அறிக்கையின் பெரும்பான்மை, பாரசீகத்தின் தூதரக, கான்சல் செலவுகளை இரண்டு கஜானாக்களும் சமமாகப் பங்கிடலாம் என்றது. நவ்ரோஜியும் மற்ற உறுப்பினர்களான வெட்டர்பர்னும் கெய்னும் அதோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கை எழுதினார்கள். அதற்குப் பிந்திய பைல்களில் 'மாயிட்டி' அடிக்கடி கண்ணில் படும்.

பாதி என்ற சொல்லைக் கண்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. எதில் பாதி? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் என்னுடையவை. ஒரு ஏஜென்சிக்கு (இப்படிப்பட்ட அரசியல் அதிகாரியின் அலுவலகம்) வருஷத்துக்கு 60,000 ரூபாய் ஆகிறது: அதிகாரியின் சம்பளம் 30,000, அலுவலகச் சிப்பந்திகள் 12,000, கட்டடமும் பராமரிப்பும் 6,000, காவல் சிப்பாய்கள் 8,000, ஷேக்குகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு 4,000. சம்பளம், சிப்பந்தி, கட்டடம் மூன்றும்தான் பங்கிடும் செலவு என்று ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். அது 48,000, பாதி 24,000. காவலும் அன்பளிப்பும் பங்குக்கு வெளியே நின்று இந்தியாவின் தலையில் விழுகின்றன, இன்னொரு 12,000. ஆக இந்தியா கொடுத்தது 36,000, அதாவது நூற்றுக்கு அறுபது. காகிதத்தில் மட்டும் பாதிப் பாதி. இதனால்தான் காவல் படை, தபால் தந்தி, மருத்துவர், கப்பல், தோஷகானா (அன்பளிப்புகளுக்கான தனிக் கணக்கு), ஓய்வூதியப் பங்கு என்று ஒவ்வொன்றும் பங்குக்கு உள்ளேயா வெளியேயா என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு பைலில் உள்ளே இருப்பது அடுத்த பைலில் வெளியே போயிருக்கும், அதற்கு ஒரு கடிதம் இருக்கும், அந்தக் கடிதத்தைப் பிடித்துவிட்டால் அந்த வருஷத்தின் கதை முழுக்க உங்கள் கையில்.

மஸ்கட் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவார்கள். வருஷம் 86,400 ரூபாய், மாதம் 7,200 என்று ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும். அது ஏஜென்சி நடத்தும் செலவு கிடையாது. மஸ்கட்டையும் ஜான்சிபாரையும் சேர்த்து ஆண்ட சுல்தான் சையத் 1856ல் இறந்ததும் அவருடைய ராஜ்யம் மகன்களுக்கு இடையே மஸ்கட், ஜான்சிபார் என்று இரண்டாகப் பிரிந்தது. 1861ல் இந்திய வைஸ்ராய் கானிங் பிரபு செய்த தீர்ப்பின்படி பணக்கார ஜான்சிபார் ஏழை மஸ்கட்டுக்கு வருஷம் 40,000 மரியா தெரசா வெள்ளி நாணயம் கட்ட வேண்டும். 1873ல் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் ஒப்பந்தம் ஜான்சிபாரோடு நடந்தபோது அந்தச் சுமையைப் பிரிட்டிஷ் தரப்பு ஏற்றுக்கொண்டது, பிற்பாடு அது இந்தியக் கஜானாவின் நிரந்தரச் செலவாகவே ஆகிப்போனது. அந்த வெள்ளிதான் ரூபாயில் 86,400. இரண்டு அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினைப் பணத்தை, சம்பந்தமே இல்லாத இந்திய விவசாயியின் நிலவரி கட்டிக்கொண்டிருந்தது. உங்கள் கூட்டலில் இதற்கு ஒரு தனிப் பத்தி போடுங்கள், ஏஜென்சிச் செலவோடு கலந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

நாணயத்திலும் பொறிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இந்திய நிதிக் கணக்குகளில் 'ஆர்எக்ஸ்' (Rx) என்று ஒரு குறி இருக்கும். நான் முதலில் அதை ரூபாய் என்றே நினைத்து ஒரு பட்டியல் முழுவதையும் தப்பாகப் போட்டேன். அது பத்து ரூபாய். ஒரு பவுனுக்குப் பத்து ரூபாய் என்றிருந்த காலத்தின் மிச்சம், ரூபாய் சரிந்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுனுக்கு 15 ரூபாய் என்று கணக்கிடலாம், 1927ல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயித்த பிறகு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை (அணாவுக்கு 12 பை அப்போது). பாரசீகத்தின் உள்ளூர்ச் செலவு அந்நாட்டு நாணயமான கிரானில் இருக்கும், அதை அந்த வருஷத்தின் விகிதத்தில்தான் மாற்ற வேண்டும்.

கூட்டும்போது இரட்டிப்பாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு கஜானா முதலில் முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றதிடமிருந்து பங்கை வசூலிக்கும். லண்டனின் தூதரக, கான்சல் ஒதுக்கீட்டிலிருந்து முழுத் தொகையையும், இந்தியாவின் 'பொலிட்டிகல்' தலைப்பிலிருந்து பங்கையும் எடுத்துக் கூட்டினால் அதே பணத்தை இரண்டு முறை எண்ணியிருப்பீர்கள். இந்தியாவின் பங்கிலும் ஒரு பகுதி இந்தியாவிலேயே செலவாகியிருக்கும், இன்னொரு பகுதி லண்டனில், இந்தியாவைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரியின் கணக்கில் ஹோம் சார்ஜஸாக (இந்தியாவுக்காக லண்டனில் செய்த செலவு) போயிருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். அந்த மந்திரியின் சம்பளமே 1919 சட்டம் வரும்வரை இந்திய வருவாயிலிருந்துதான் போனது.

பைல்கள் எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடா ரெசிடென்சி 1946ல் புஷயரிலிருந்து பஹ்ரைனுக்குப் போனது. 1947 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தியக் கஜானா கழன்றுகொண்டது, 1948 ஏப்ரல் 1ல் பொறுப்பு லண்டன் வெளியுறவுத் துறைக்கு வந்தது. அதற்கு அப்புறம் 'மாயிட்டி' என்று தேடிப் பயனில்லை, முழு பில்லும் ஒரே இடத்துக்குத்தான்.