புனைபெயர்ல எழுதுறீங்களா? ஆணா பெண்ணான்னு மாட்டிக்காம எழுதுறது எப்படி

மொதல்ல ஒண்ணு, நடைய மாத்த போகாதீங்க. பொம்பளை எழுத்துன்னா மென்மை, ஆம்பளை எழுத்துன்னா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு நெனச்சு மாத்தி எழுதுனா கடைசில யாரு எழுத்தாவும் இல்லாம போயிடும். மாட்டிவிடுறது வேற இடத்துல இருக்கு.

கதைன்னா கவலையே வேணாம், நம்மாழ்வார் பராங்குச நாயகியாவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாவும் பாடுன மொழி இது, யாரு குரல்லயும் யாரும் பேசலாம். ரங்கராஜன் தன் மனைவி பேர வச்சுக்கிட்டு சுஜாதான்னு எழுதலையா. சிக்கல் எல்லாம் சொந்த அனுபவக் கட்டுரையிலதான்.

அதுக்கு தமிழ்லயே ஒரு வசதி இருக்கு. "போனேன், வந்தேன்"னு எழுதுனா ஆணா பெண்ணான்னு ஒண்ணும் தெரியாது, இந்தியில எழுதுனா கயா கயீன்னு மொத வரியிலயே மாட்டிக்குவீங்க. அதனால தன்மையிலயே எழுதுங்க, "நான் ஒரு மாணவி", "வேலைக்காரி மாதிரி நின்னேன்" இப்படி பெயர்ச்சொல் வர்ற இடத்துல மட்டும் கவனம், "படிச்சுக்கிட்டு இருந்தப்ப"ன்னு வினையா மாத்திட்டா போச்சு.

உண்மையான கண்ணி வெடி உறவு முறைதான். நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தின்னு ஒரு தடவை எழுதுனா போதும், எழுதுனது பொம்பளைன்னு பாட்டி கூட சொல்லிடும். சகலை, கொழுந்தியான்னா ஆம்பளை. மாமியார் பிரச்சனை இல்ல, அது ரெண்டு பேருக்கும் உண்டு (பிரச்சனையும் ரெண்டு பேருக்கும் உண்டு). மச்சான் இன்னும் நல்லது, இங்க சிங்கப்பூர்ல பசங்க கூட்டாளிய மச்சான்னு கூப்பிடுவாங்க, சில வீட்டுல பொண்டாட்டி புருஷன கூப்பிடுறதும் அதுதான், தாராளமா போடுங்க குழம்பட்டும். மத்தவங்கள உறவ விட்டுட்டு ஒரு பேர் வச்சு எழுதிடுங்க, "கல்யாணி வந்திருந்தாங்க" அவ்ளோதான்.

அப்புறம் சிங்கப்பூர் விஷயங்க. "நான் என்எஸ் முடிச்சு" (கட்டாய தேசிய சேவை), "ரிசர்விஸ்ட் போயிருந்தப்ப" (அது முடிஞ்சப்புறம் திரும்ப கூப்பிடுற பயிற்சி) இதெல்லாம் 1967லேருந்து ஆம்பளைங்க கணக்கு, 16 வாரம் பிரசவ லீவுல பிள்ளைய பாத்துக்கிட்டேன்னா அம்மா. மகன் என்எஸ் போறான்னு எழுதுறது ஓகே, அப்பாவும் எழுதலாம் அம்மாவும் எழுதலாம்.

கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடுமேன்னு கேப்பீங்க. 2002ல கோப்பல், ஆர்கமோன், ஷிமோனின்னு மூணு பேரு இங்கிலீஷ் எழுத்த வச்சு கிட்டத்தட்ட 80 சதவீதம் சரியா சொன்னாங்க, பெண்கள் I, you, she அதிகம் போடுறாங்க ஆண்கள் a, the அதிகம் போடுறாங்கன்னு. ஆனா அதே வித்தியாசம் கதைக்கும் கட்டுரைக்கும் நடுவுலயும் இருக்கு, அதனால பொம்பளை எழுதுன கட்டுரை ஆம்பளை பக்கம் சாயுற மாதிரி தெரியும். தமிழ்ல a, the கெடையாது, "நான்"னு போடாமலே "வந்தேன்"ல வேலை முடிஞ்சிடுது, அப்ப அந்த கணக்கு இங்க எப்படி ஓடும்? மனுஷன் கணிப்பும் பெருசா சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஜேம்ஸ் டிப்ட்ரீங்கற பேர்ல வந்த அறிவியல் கதைங்க ஆம்பளை எழுத்துதான்னு 1975ல ராபர்ட் சில்வர்பெர்க்னு இன்னொரு எழுத்தாளர் அடிச்சு சொன்னாரு, கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துலயே அது ஆலிஸ் ஷெல்டன்னு ஒரு அம்மான்னு தெரிஞ்சுபோச்சு.

எழுதி முடிச்சதும் உங்கள தெரியாத ஒருத்தர்கிட்ட படிக்க குடுங்க, ஆணா பெண்ணான்னு மட்டும் கேக்காதீங்க, எந்த வரிய வச்சு சொல்றீங்கன்னு கேளுங்க. வரிய காட்டுனா திருத்துங்க, "சும்மா தோணுச்சு"ன்னா விட்டுடுங்க.

கடைசியா வேர்டு ஃபைல்ல ஆத்தர் பேரு இருக்கும், அத அழிச்சுட்டு அனுப்புங்க. ஐசில (அடையாள அட்டை) இருக்குற மாதிரி எஸ்ஓ (s/o, மகன்) டிஓ (d/o, மகள்) போட்டு கம்ப்யூட்டர்ல பேர் வச்சிருக்கவங்க ரெண்டு தடவை பாருங்க.